டேங்க் கணக்கு இருக்கு, உடம்புக் கணக்கு எங்கே?

(விவசாயத் தொழிலாளர் கருத்தரங்கில் நமது கட்சியின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். முழுசா படிங்க, உங்க ஊர் வாட்ஸ்அப் குழுவுல பகிருங்க.)



நம்ம கிராமத்துல மருந்தடிக்கிற தொழிலாளிக்குக் கூலி எப்படிப் போடறாங்க? பல ஊர்ல நாள் கணக்கு கிடையாது, டேங்க் கணக்கு. ஒரு டேங்குக்கு இவ்வளவு ரூபாய். காலையில எத்தனை, சாயங்காலம் எத்தனை என்று ஒருத்தர் எண்ணிக்கிட்டே இருப்பார். அந்த எண்ணிக்கையில தப்பே வராது. ஆனா அந்த டேங்கை முதுகில் சுமந்தவரோட உடம்புக்குள்ள இந்தப் பருவத்துல எவ்வளவு விஷம் போச்சு என்ற கணக்கு மட்டும் யார்கிட்டயும் இல்லை. அந்தக் கணக்கை எப்படிப் போடுவது, அதை யார் போட வேண்டும், போடாமல் விட்டதற்கு யார் பொறுப்பு என்பதைப் பற்றித்தான் இன்னிக்குப் பேச வந்திருக்கேன்.

2017-ஆம் ஆண்டு நமக்கு ஒரு பாடம். மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் கிடந்தார்கள். அதே ஆண்டு நம்ம பெரம்பலூர் மாவட்டத்திலும் பருத்திக் காட்டில் மருந்தடித்த விவசாயிகள் உயிரிழந்தார்கள். ஆள் உயரத்துக்கு வளர்ந்த செடிக்குள் நின்று அடிக்கும்போது, மருந்து செடிக்கு மட்டும் போகாது. முகத்துக்கும் வரும், மார்புக்கும் வரும். சாவு நடந்ததால் செய்தி ஆச்சு. சாகாமல், தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறவங்களைப் பற்றி எந்தச் செய்தியும் வராது. நாம் பேச வேண்டியது அவங்களைப் பற்றித்தான்.

முக்கோணம் சொல்லாத சேதி

பூச்சிக்கொல்லி டப்பாவில் ஒரு வைரவடிவச் சதுரம் இருக்கும், பார்த்திருப்பீங்க. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நாலு நிறம். சிவப்புன்னா கடும் விஷம், பச்சைன்னா பயமில்லை என்றுதான் நாம் புரிந்து வைத்திருக்கிறோம்.

அந்த நிறம் எப்படி வருது தெரியுமா? சோதனைக்கூட எலிகளுக்கு வாய்வழியாக மருந்தைக் கொடுத்து, அதில் பாதி எலிகள் சாக எவ்வளவு தேவைப்படுது என்று பார்க்கிறாங்க. எலியின் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை என்றால் சிவப்பு. 51 முதல் 500 வரை மஞ்சள். 501 முதல் 5000 வரை நீலம். அதற்கு மேலே பச்சை.

கவனிங்க தோழர்களே, இது ஒரே தடவை உள்ளே போகும் விஷத்தின் கணக்கு. ஒரு மனுஷன் வாரத்துக்கு அஞ்சு நாள், வருஷத்துக்கு நாலு மாசம், பத்து வருஷம் அதிலேயே நின்றால் என்ன ஆகும் என்பதற்கு அந்த நிறத்தில் பதில் கிடையாது.

ஒரு உதாரணம் சொல்றேன். மாலத்தியான் நீல வகையில் வருவது. "இது லேசான மருந்துதான்" என்று கடையில் சொல்வாங்க. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015-ல் அதே மாலத்தியானை "மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற 2-ஏ பிரிவில் வைத்தது. இதைக் கேட்டு யாரும் அலற வேண்டாம். தொட்ட எல்லாருக்கும் புற்றுநோய் வரும் என்று அதற்கு அர்த்தமில்லை. அந்தப் பொருளுக்கு அப்படி ஒரு குணம் இருக்கக்கூடும் என்பதுதான் அர்த்தம். ஆபத்து யாருக்கு எவ்வளவு என்பது எவ்வளவு நாள், எந்த வழியா, எவ்வளவு உள்ளே போச்சு என்பதைப் பொறுத்தது. விஷத்தின் குணம் ஒரு பக்கம், அது நம் உடம்பில் படுகிற அளவு இன்னொரு பக்கம். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆபத்து என்ன என்று தெரியும். டப்பா ஒரு பக்கத்தைச் சொல்லுது. இன்னொரு பக்கத்தை நாம்தான் எண்ணணும்.

உடம்பில் நடப்பது என்ன?

நம் நரம்பு தசைக்குக் கட்டளை அனுப்ப ஒரு ரசாயனத்தைச் சுரக்கும். வேலை முடிஞ்சதும் அதை உடனே அழிக்க கோலினெஸ்டரேஸ் என்ற நொதி இருக்கு. சுவிட்சை அணைக்கிற கை மாதிரி. ஆர்கனோபாஸ்பரஸ் வகை மருந்துகளும் கார்பமேட் வகை மருந்துகளும் அந்தக் கையைப் பிடித்துக் கட்டிப் போடுது. சுவிட்ச் அணையாது. பூச்சி துடிதுடித்துச் சாவது இதனால்தான். மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டுவது, எச்சில் ஊறுவது, கண்மணி சுருங்குவது, வாந்தி, நெஞ்சு இறுக்கம், தசை துடிப்பு எல்லாம் வருவதும் இதே காரணத்தால்தான்.

கார்பமேட் பிடித்தால் சில மணி நேரத்தில் விட்டுவிடும். ஆர்கனோபாஸ்பரஸ் அப்படி விடாது. புது நொதி உற்பத்தியாகி வரணும். ரத்தச் சிவப்பணுவில் இருக்கும் நொதி திரும்பி வரும் வேகம் ஏறக்குறைய நாளுக்கு ஒரு சதவீதம்தான். அதனால்தான் இது சேர்ந்துகொண்டே போகிற கடன் மாதிரி.

புரிவதற்காக ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இது உதாரணம் மட்டும்தான். ஒரு நாள் மருந்தடித்தால் நொதியில் 3 சதவீதம் போகுதுன்னு வைங்க. நாளுக்கு 1 சதவீதம் திரும்ப வருது. சொந்த நிலத்துக்கு ஒரு பருவத்தில் மூணு தடவை அடிக்கும் சிறு விவசாயிக்கு மொத்தம் 9 சதவீதம் போகும். நடுவில் இடைவெளி இருப்பதால் எல்லாம் திரும்பிடும். கூலிக்கு அடிக்கும் தொழிலாளி 30 நாளில் 20 நாள் அடிக்கிறார். 60 போச்சு, 30 வந்துச்சு. நூறு இருந்த இடத்தில் மாசக் கடைசியில் 70. மருந்து ஒண்ணுதான், டேங்கும் ஒண்ணுதான், ஒரு நாள் அளவும் ஒண்ணுதான். ஆனா ரெண்டு பேருக்கும் ஆபத்து ஒண்ணு கிடையாது.

அந்த 70-ல் நிற்பவருக்குப் பெரிசா ஒண்ணும் தெரியாது. தலை பாரமா இருக்கு, தூக்கம் சரியில்லை, கை கால் அசதி. "வெயில்ல நின்னது" என்று ஒரு மாத்திரை போட்டுக்குவார். மறுநாள் இன்னொரு தோட்டத்தில் பத்து டேங்க் கூடுதலா அடிச்சா அன்னிக்குச் சாய்ந்துவிடுவார். "ஒரே நாள்ல மயங்கிட்டாரு" என்று ஊர் சொல்லும். ஒரு மாசமா நடந்ததை யாரும் பார்க்கலை.

சரி, அளப்பது எப்படி?

பெரிய படிப்பு வேண்டாம். ஐந்து கேள்வி போதும்.

முதல் கேள்வி: எந்த மருந்து? கடைக்காரர் சொல்லும் பேர் மட்டும் போதாது, டப்பாவில் இருக்கும் வேதிப்பெயரைப் பார்க்கணும். ரெண்டு மூணு மருந்தைக் கலந்து அடிச்சா எல்லாத்தையும் எழுதணும்.

இரண்டாவது: எத்தனை டேங்க், எத்தனை நாள்? ஏக்கருக்கு 200 லிட்டர் கலவை என்றால் 16 லிட்டர் டேங்க் 12, 13 ஆகும். மூணு ஏக்கர் அடிச்சா 37, 38 டேங்க். அதாவது அத்தனை தடவை டேங்க் நிரப்பணும். ஒவ்வொரு டேங்குக்கும் தனியா கலக்கிறவர் அத்தனை தடவையும் டப்பா மூடியைத் திறக்கிறார், தண்ணீர் கலக்காத மருந்தைக் கையால் அளந்து ஊற்றுகிறார். தெளிப்பதை விட இந்தக் கலக்கும் நேரம்தான் ஆபத்து அதிகம்.

மூன்றாவது: எந்த வழியா உள்ளே போகுது? மூக்கு வழியா என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். அதனால் மூக்கில் துண்டைக் கட்டிக்கிட்டு, லுங்கியோட வெறுங்காலில் இறங்குகிறோம். தெளிப்புத் தொழிலாளிக்குப் பெரும்பகுதி தோல் வழியாத்தான் போகுது. ஒழுகும் டேங்க் முதுகை நனைக்கும். நனைஞ்ச செடி தொடையை நனைக்கும். தொடை இடுக்கு மாதிரி தோல் மெல்லிய இடம் வேகமா உறிஞ்சும், வேர்த்த உடம்பு இன்னும் வேகமா உறிஞ்சும். நாசில் அடைச்சா வாயை வைத்து ஊதுவது, கை கழுவாம பீடி பற்ற வைப்பது எல்லாம் நேரா வயிற்றுக்குப் போகும் வழி.

நான்காவது: யார் யாருக்குப் படுது? அடிப்பவர் மட்டுமில்லை. ஹோஸ் இழுத்துக் கொடுக்கும் பெண், தண்ணீர் சுமக்கும் பெண், நேற்று சாயங்காலம் மருந்தடிச்ச தோட்டத்தில் விடியற்காலை மல்லிகை பறிக்கும் பெண், மருந்து பட்ட சட்டையைக் கையால் கசக்கித் துவைக்கும் பெண். இவங்க பேர் எந்தக் கணக்கிலும் வராது. அதில் கர்ப்பிணிகளும் இருப்பாங்க.

ஐந்தாவது: உடம்பு என்ன சொல்லுது? இதற்குத்தான் ரத்தப் பரிசோதனை. இதில் ஒரு முக்கியமான விஷயம். கோலினெஸ்டரேஸ் அளவு ஆளுக்கு ஆள் இயல்பாகவே நிறைய மாறும். இன்னிக்கு எடுத்த ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்து "நார்மல்" என்று சொல்வதால் பயனில்லை. அவருக்கு இயல்பான அளவு எவ்வளவு என்று பருவம் தொடங்கும் முன்பே எடுத்து வைக்கணும். அதோடு ஒப்பிட்டால்தான் எவ்வளவு இறங்கிச்சு என்று தெரியும்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இந்த முறை பல காலமா சட்டமாவே இருக்கு. தன் அடிப்படை அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் வேலைமுறையில் என்ன தப்பு என்று முதலாளி ஆராயணும். சிவப்பணுவில் 70 அல்லது பிளாஸ்மாவில் 60 வரை விழுந்தால் அந்த ஆளை அந்த வேலையிலிருந்து விலக்கணும். திரும்ப 80-க்கு வந்த பிறகுதான் மருந்தைத் தொடலாம். வாஷிங்டன் மாநிலம் 2004-ல் இதே மாதிரி கொண்டுவந்து, விலக்கி வைக்கும் காலத்தில் சம்பளத்தையும் காப்பாற்றியது. சம்பளம் போகாதுன்னா எந்தத் தொழிலாளி பரிசோதனைக்கு வர மாட்டேன் என்பார்?

நம்ம சட்டம் என்ன சொல்லுது?

இந்தியாவில் 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தாச்சு. 1971-ல் விதிகளும் வந்தாச்சு. அதில் 37-ஆம் விதியைப் படிங்க. பூச்சிக்கொல்லித் தயாரிப்பிலும் தெளிப்பிலும் ஈடுபடுவோருக்கு வேலைக்குச் சேரும் முன்பும், பிறகு தயாரிப்பில் இருப்போருக்குக் காலாண்டுக்கு ஒரு தடவையாவதும், தெளிப்போர் உள்ளிட்ட மற்றவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு தடவையும் மருத்துவப் பரிசோதனை நடக்கணும். ஆர்கனோபாஸ்பரஸ், கார்பமேட் தயாரிக்கும் ஆலையில் வேலை செய்வோருக்கு மாசாமாசம் கோலினெஸ்டரேஸ் பார்க்கணும். முதலுதவி, பாதுகாப்பு உடை, பயிற்சி எல்லாத்துக்கும் தனித்தனி விதி இருக்கு.

காகிதத்தில் எவ்வளவு அழகு! ஆனா நம்ம தெளிப்புத் தொழிலாளி எங்கே வேலைக்குச் சேர்ந்தார்? அவருக்கு நியமன ஆணை உண்டா? இன்னிக்கு ஒரு தோட்டம், நாளைக்கு வேற தோட்டம். யார் முதலாளி? ரெண்டு ஏக்கர் வைத்திருக்கும் கடன்பட்ட விவசாயியா? அவர்கிட்ட போய் "வருடாந்திரப் பரிசோதனை செய்" என்று நாம் சண்டை போட முடியுமா? கூடாது தோழர்களே. அவரும் அதே மருந்தை மூக்கில் வாங்குகிறவர்தான். லாபம் பார்ப்பது கம்பெனி, அனுமதி கொடுப்பது அரசு. பொறுப்பும் அங்கேதான் போகணும்.

அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவு இன்னொன்று சொல்லுது. பூச்சிக்கொல்லியைக் கையாள்வதால் ஏற்படும் ஒவ்வொரு நச்சுப் பாதிப்பையும் அறிக்கை செய்யும்படி, யாருக்கு வேண்டுமானாலும் மாநில அரசு அறிவிக்கை மூலம் உத்தரவிடலாம். மருந்தைத் தடை செய்வதில் மாநிலத்துக்கு அதிகாரம் குறைவு. 60 நாள், நீட்டித்தால் இன்னும் 30 நாள், அவ்வளவுதான். ஆனா எண்ணுவதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை!

டெல்லியில் என்ன நடந்தது? 27 மருந்துகளைத் தடை செய்யலாம் என்று 2020 மே மாசம் ஒன்றிய அரசே வரைவு ஆணை போட்டது. மாலத்தியானும் அந்தப் பட்டியலில் இருந்தது. 2023-ல் வந்த இறுதி ஆணையில் தடையானது டைக்கோபால், டைனோகேப், மெத்தோமில் ஆகிய மூன்றும், மோனோகுரோட்டோபாஸின் 36 சதவீதக் கலவையும்தான். மீதி தப்பிச்சிடுச்சு.

இழப்பீட்டுக்கு வருவோம். 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்திலேயே பாஸ்பரஸும் அதன் நச்சுச் சேர்மங்களும் உண்டாக்கும் நோய், தொழில்நோய்ப் பட்டியலில் இருந்துச்சு. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் தொழில்நோய்ப் பட்டியல் தொடருது. ஆனா அந்த 1923 சட்டம் இந்த வகை நோய்க்கு வைத்த நிபந்தனை, ஒரே முதலாளியிடம் ஆறு மாசம் தொடர்ந்து வேலை செய்திருக்கணும் என்பது. தினக்கூலிக்கு ஏது ஆறு மாசம்?

இது வயல்காட்டோட முடியலை. நகராட்சியிலும் பேரூராட்சியிலும் டெங்கு ஒழிப்புப் பணியாளர்கள் இருக்காங்க. வீடு வீடாகத் தொட்டியில் ஊற்றும் டெமிபாஸ், ஆர்கனோபாஸ்பரஸ் வகைதான். புகையடிக்க மாலத்தியான் என்றால் தேசிய வழிகாட்டுதல்படி ஒரு பங்கு மருந்துக்கு 19 பங்கு டீசல். அந்தப் புகைக்குள்ள நடப்பவர் பெரும்பாலும் ஒப்பந்தப் பணியாளர். இங்கே முதலாளி யார் என்று தேட வேண்டியதே இல்லை. அரசும் உள்ளாட்சியும்தான். முதலில் தன் வீட்டில் 37-ஆம் விதியை நடத்திக் காட்டட்டும்.

"கவசம் போட்டுக்கோ" என்பது பதிலா?

எப்ப கேட்டாலும் அதிகாரிகள் சொல்லும் பதில், "மாஸ்க், கையுறை போடச் சொல்லுங்க." போடணும்தான், மறுக்கலை. ஆனா 38 டிகிரி வெயிலில் ரப்பர் கோட்டு போட்டுக்கிட்டு 16 கிலோ சுமந்து நடந்து பாருங்க, அரை மணி நேரத்தில் வெப்பமே ஆளைச் சாய்த்துவிடும். பணியிடப் பாதுகாப்பில் கவசம் கடைசிப் படி. முதல் படி, அந்த விஷம் தேவையா என்று கேட்பது. ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை, இனக்கவர்ச்சிப் பொறி எல்லாம் அங்கேதான் வருது. அடுத்த படி, அதைவிடக் குறைந்த விஷத்துக்கு மாறுவது. அதற்கடுத்து, ஒழுகாத கருவி, கையால் தொடாமல் கலக்கும் ஏற்பாடு. பிறகு, ஒரே ஆள் தொடர்ந்து அடிக்காம மாற்றி விடுவது. இந்த நாலையும் அரசு செய்யாம, அஞ்சாவதைத் தொழிலாளி தலையில் கட்டினால் அதுக்குப் பேர் பாதுகாப்பு இல்லை, தட்டிக்கழிப்பு.

நம் கோரிக்கைகள்

1. ஊராட்சிதோறும் தெளிப்புத் தொழிலாளர் பதிவேடு, அடையாள அட்டை, நலவாரியத்தில் தனிப் பிரிவு. துணை வேலை செய்யும் பெண்களும் அதில் இருக்கணும்.

2. பருவத்துக்கு முன்பு அடிப்படை ரத்தப் பரிசோதனை, பருவத்தில் மாதம் ஒரு தடவை மறுபரிசோதனை, இலவசமாக. 2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவம் வீடு தேடி வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்குது. "மருந்தடிக்கிற வேலை உண்டா?" என்று அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி சேர்க்க என்ன தடை?

3. அளவு இறங்கினவருக்கு ஓய்வு, ஓய்வு நாளுக்குக் கூலி. அதற்கான நிதி மருந்துக் கம்பெனிகளிடம் வசூலிக்கப்படணும்.

4. 26-ஆம் பிரிவின்படி எல்லா மருத்துவமனைகளும் நச்சுப் பாதிப்பைக் கட்டாயம் அறிக்கை செய்யணும். அந்த எண்ணிக்கை மாவட்டவாரியாக வெளியிடப்படணும்.

5. தினக்கூலிக்கு ஆறு மாசத் தொடர்பணி நிபந்தனை நீக்கம். பிரான்ஸ் 2012-லேயே, பூச்சிக்கொல்லியோடு வேலை செய்த விவசாயத் தொழிலாளிக்கு வரும் பார்க்கின்சன் நோயைத் தொழில்நோயாக ஏற்றது. நீண்டநாள் நோய்களும் நம் பட்டியலில் வரணும்.

நாளையிலிருந்து நாம் செய்ய வேண்டியது

அரசு எண்ணும் வரை காத்திருக்க வேண்டாம். அமெரிக்காவில் 1993 முதல் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் மருந்தடிப்போர், அவங்க துணைவர்கள் என்று 89,000-க்கும் மேற்பட்டவர்களைப் பதிவு செய்து, அவங்க உடல்நலத்தை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்க்கிறாங்க. அவ்வளவு பெரிசா நம்மால் முடியாது. ஒரு கிளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் முடியும். ஆள் பெயர், தேதி, பயிர், மருந்து, டேங்க் எண்ணிக்கை, அன்னிக்கு ராத்திரி உடம்பு எப்படி இருந்தது. ஆறே பத்தி. ஆள் பெயர் இருப்பதால் அந்த நோட்டைப் பத்திரமா வைங்க, படம் எடுத்து இணையத்தில் போடாதீங்க. ஒரு பருவம் எழுதினால், ஆட்சியர் முன்னாடி வெறும் மனுவோட நிற்க மாட்டோம், ஆதாரத்தோட நிற்போம்.

இன்னொன்று, இது உயிர் காக்கும் விஷயம். மருந்தடிக்கும்போது யாருக்காவது மயக்கம், வாந்தி, எச்சில் ஒழுகல் வந்தா "வெயில்" என்று நினைக்காதீங்க. உடனே காட்டை விட்டு வெளியே கொண்டுவாங்க. நனைஞ்ச துணியைக் கழற்றி, சோப்பு போட்டுத் தண்ணீரில் உடம்பைக் கழுவுங்க. கழுவுகிறவர் தன் கையில் படாமல் பார்த்துக்கணும். வாந்தி எடுக்க வைக்காதீங்க. 108-க்குக் கூப்பிடுங்க. அந்த மருந்து டப்பாவைக் கையோட கொண்டுபோங்க. என்ன மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியான மாற்று மருந்தைச் சீக்கிரம் கொடுக்க முடியும்.

தோழர்களே, டேங்குக்குக் கூலி வாங்கிக் கொடுக்கவும் சங்கம் போராடணும். அந்தக் கூலியைச் சாப்பிட ஆள் நல்லபடியா இருக்கவும் சங்கம்தான் போராடணும். உங்க ஊர்ல மருந்தடிக்கிறவர் ஒருத்தரையாவது இந்த வாரம் போய்ப் பாருங்க. நோட்டைத் திறங்க, முதல் பக்கத்தில் அவர் பேரை எழுதுங்க.

எண்ணுவோம்! கேட்போம்! வெல்வோம்!



#தெளிப்புத்தொழிலாளர்உரிமை #உடம்புக்கணக்குஎங்கே